கூடுதல் மாடிக்கு ஈடாக ஊருக்கு என்ன கிடைக்கிறது? அமெரிக்க நகரங்களின் ‘பி.யு.டி.’ அனுமதி: ஒரு விளக்கம்

அமெரிக்க நகரங்களில் வசிப்பவர்கள் இப்படியான அறிவிப்புகளை அடிக்கடி பார்க்கிறார்கள். ஐந்து மாடிக்கு மட்டுமே அனுமதியுள்ள மனையில் எட்டு மாடி கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பிக்கிறது. பதிலுக்குச் சிறு பூங்கா, குறைந்த வாடகை வீடுகள், மழலையர் காப்பகத்துக்கு இடம் என்று ஒரு பட்டியலைத் தருகிறது. உடனே அக்கம்பக்கம் இரண்டாகப் பிரிந்துவிடும். “பணமிருந்தால் சட்டத்தை வளைக்கலாமா?” என்கிறது ஒரு தரப்பு. “வீடு கட்ட வருபவர்களை எல்லாம் தடுத்தால் வாடகை எப்படிக் குறையும்?” என்கிறது இன்னொரு தரப்பு.

இந்த ஏற்பாட்டின் பெயர் ‘பிளான்டு யூனிட் டெவலப்மென்ட்’, சுருக்கமாகப் பி.யு.டி. சில ஊர்களில் ‘திட்டமிட்ட வளர்ச்சிப் பகுதி’ என்ற பொருள்படும் வேறு பெயர்களும் உண்டு. இது சட்டத்தை வளைப்பது அல்ல. சட்டத்துக்குள்ளேயே இருக்கும் தனி வழி. ஆனால் அந்த வழியில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் நியாயமானதா என்பது ஒரே ஒரு கேள்வியைப் பொறுத்தது: விதிப்படியே கட்டியிருந்தால் ஊருக்கு என்ன கிடைத்திருக்கும்? அதைவிட எவ்வளவு கூடுதலாக இப்போது கிடைக்கிறது?

மண்டல விதி என்றால் என்ன

நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எதை, எவ்வளவு பெரிதாக, எப்படிக் கட்டலாம் என்று சொல்வதுதான் மண்டல விதி, அதாவது ஸோனிங். நகரம் முழுமைக்குமான முதல் அமெரிக்க மண்டலச் சட்டத்தை நியூயார்க் 1916-ல் கொண்டுவந்தது. இப்படி விதிக்க ஊராட்சிக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. உண்டு என்று 1926-ல் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு நாடெங்கும் இந்த முறை பரவியது.

ஒரு மண்டலம் மூன்று விஷயங்களைக் கட்டுப்படுத்தும்:

1. பயன்பாடு: வீடு, கடை, அலுவலகம், தொழிற்சாலை.
2. அளவு: உயரம், தளப்பரப்பு. தளப்பரப்பு விகிதம் என்ற எண்தான் இங்கே முக்கியம். எல்லா மாடிகளின் மொத்தப் பரப்பை மனையின் பரப்பால் வகுத்தால் வருவது அது. 10,000 சதுர அடி மனையில் விகிதம் 3 என்றால், எல்லா மாடிகளும் சேர்த்து 30,000 சதுர அடி வரை கட்டலாம்.
3. அமைப்பு: சாலையிலிருந்தும் பக்கத்து மனையிலிருந்தும் விட வேண்டிய இடைவெளி, வண்டி நிறுத்த இடம் போன்றவை.

இந்த மூன்றுக்கும் உட்பட்ட வரைபடத்தோடு போனால், பொதுவாக அனுமதி கொடுத்தாக வேண்டும். பொது விசாரணை இல்லை, பேரமும் இல்லை. இதை ‘உரிமைப்படி கட்டுவது’ என்பார்கள். கட்டுரை முழுவதும் இந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள். பி.யு.டி.யின் லாப நட்டம் எல்லாம் இதிலிருந்துதான் அளக்கப்படுகிறது.

தளர்வு ஏன் தேவைப்பட்டது

மண்டல விதி ஒவ்வொரு மனையாகப் பார்த்து எழுதப்பட்டது. பல நூறு ஏக்கர் நிலம் ஒரே கையில் இருக்கும்போது இது கேடாக முடிகிறது. நடுவில் ஓடையும் மரக்கூட்டமும் இருந்தாலும், விதிப்படி நிலம் முழுவதையும் ஒரே அளவு மனைகளாக அறுக்க வேண்டும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வீடு. வீடுகளை ஒரு பக்கம் நெருக்கமாக வைத்து மீதி நிலத்தை அப்படியே விடலாமே என்றால், விதியில் அதற்கு இடமில்லை. பக்கத்தில் கடை வைக்கலாமே என்றால், அது வேறு மண்டலம்.

பி.யு.டி. இந்தக் கணக்கை மாற்றியது. நிலம் முழுவதையும் ஒரே அலகாக எடுத்துக்கொள்வார்கள். மொத்தம் எத்தனை வீடு என்பதற்கு வரம்பு இருக்கும். அவற்றை எங்கே, எப்படி வைப்பது என்பதில் சுதந்திரம் இருக்கும். இப்படிப்பட்ட விதிக்கு ஆரம்பகால எடுத்துக்காட்டாக மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்டி 1949-ல் கொண்டுவந்ததைச் சொல்வது வழக்கம். வெர்ஜீனியாவின் ரெஸ்டன் நகரம் இன்னும் தெளிவான உதாரணம். அதற்காகவே ஃபேர்ஃபேக்ஸ் கவுன்டி 1962-ல் தனி மண்டல வகையை உருவாக்கியது. ஏக்கருக்குச் சராசரியாக 13 பேர் என்பது மொத்த வரம்பு. அதற்குள் ஓரிடத்தில் அடுக்குமாடி, இன்னோரிடத்தில் தனி வீடு, நடுவில் ஏரி, கடைத்தெரு என்று கலந்து அமைக்க முடிந்தது.

சட்டச் சிக்கலும் எழுந்தது. 1920-களில் மத்திய வணிகத் துறை வெளியிட்ட மாதிரிச் சட்டத்தைத்தான் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றியிருந்தன. ஒரே மண்டலத்துக்குள் ஒரே வகைக் கட்டடங்களுக்கு விதி ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. ஒரு திட்டத்துக்கு மட்டும் தனி விதி எழுதினால் அந்தச் சீர்மை என்ன ஆகும்? பென்சில்வேனியாவின் நியூ ஹோப் என்ற சிற்றூரின் பி.யு.டி. விதி இந்தக் கேள்வியில் சிக்கியது. அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1968-ல் விதி செல்லும் என்றது. திட்டமிடும் அமைப்பு இப்படி நுணுக்கமாக முடிவெடுப்பது சட்டத்துக்கு முரணானது அல்ல என்பது அதன் நிலைப்பாடு. வேறு மாநிலங்கள் தங்கள் சட்டத்தையே திருத்திப் பி.யு.டி.க்கு நேரடியாக இடம் கொடுத்தன.

புறநகர் பி.யு.டி. வேறு, நகர பி.யு.டி. வேறு

பலர் குழம்புவது இங்கேதான். புறநகரில் பி.யு.டி. என்றால் பெரும்பாலும் இடமாற்றம்: அனுமதித்த அதே அளவை வேறு விதமாக அடுக்குகிறார்கள். நன்மை அந்த வடிவமைப்பிலேயே வந்துவிடும், திறந்தவெளி மிஞ்சும். அந்தத் திறந்தவெளியைப் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் சங்கம்தான் பராமரிக்கும். செலவு மாதச் சந்தாவாக வீட்டுக்காரர்கள் தலையில் விழும். வீடு வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பூங்கா பெரும்பாலும் ஊருக்கானது அல்ல, சங்கத்துக்கானது.

நகரத்துக்குள் நிலமே குறைவு. அங்கே பி.யு.டி. கேட்பவர் அனுமதித்ததைவிட அதிகமாகக் கட்டத்தான் கேட்கிறார். கூடுதல் பரப்பு நேரடியாகப் பணம். அரசு ஒரு பைசா செலவழிக்காமல், ஒரு கையெழுத்தால் உருவாக்கும் மதிப்பு அது. அப்படியானால் அதில் ஒரு பங்கு ஊருக்கு வர வேண்டும் என்பது நியாயம்தான். ‘பொது நன்மை’ என்ற பேச்சு பிறப்பது இங்கே.

இந்தக் கொடுக்கல் வாங்கலை அளவில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் அனுபவமே போதும். அது பி.யு.டி. அல்ல, சூத்திரப்படி வரும் சலுகை. ஆனால் பாடம் இரண்டுக்கும் பொருந்தும். 1961-ல் வந்த புதிய சட்டம், கட்டடத்தின் முன் பொதுமக்களுக்குத் திறந்த முற்றம் விட்டால் கூடுதல் தளப்பரப்பு என்றது. மிக அடர்த்தியான பகுதிகளில் ஒரு சதுர அடி முற்றத்துக்குப் பத்துச் சதுர அடி வரை கிடைத்தது. முற்றங்கள் வந்தன. ஆனால் அங்கே உட்கார இடம் வேண்டும், நிழல் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெறும் கற்பாளமாகக் கிடந்த பலவற்றுக்கும் கூடுதல் பரப்பு கொடுத்தாயிற்று. 1975-ல்தான் இருக்கை, மரம் பற்றிய விதிகள் வந்தன. ஜெரால்ட் கேடன் என்ற ஆய்வாளர் நகரத் திட்டத் துறையோடும் ஒரு குடிமை அமைப்போடும் சேர்ந்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு, 320 கட்டடங்களில் இருந்த 503 பொது இடங்களைப் பரிசோதித்தது. அவற்றில் 41 சதவீதத்தால் பெரிதாகப் பயன் இல்லை என்று கண்டது. ஏறக்குறைய பாதிக் கட்டடங்களில் ஏதாவது ஒரு விதிமீறல் இருந்தது: பூட்டிய கதவு, உணவகம் ஆக்கிரமித்த முற்றம் போன்றவை. கொடுத்த மாடியைத் திரும்ப வாங்க முடியாது. வாங்கிய நன்மையோ கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். எனக்கு இந்த முழு ஏற்பாட்டிலும் மிகவும் கவலை தருவது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

வாஷிங்டன் நகரின் விதி

தலைநகர் வாஷிங்டனின் பி.யு.டி. விதி ஓரளவு தெளிவாக எழுதப்பட்டது. அதனால் அதை எடுத்துக்கொள்வோம்.

முடிவெடுப்பது ஐந்து பேர் கொண்ட மண்டல ஆணையம். மூவரை மேயர் நியமிப்பார், நகர மன்றம் ஒப்புதல் தரும். மற்ற இருவர் மத்திய அரசின் சார்பில் வருபவர்கள். விண்ணப்பதாரர் கேட்கக்கூடியது உயரம், தளப்பரப்பு, இடைவெளி ஆகியவற்றில் தளர்வு; சில சமயம் மண்டல மாற்றமும். ஆனால் 1910-ல் நாடாளுமன்றம் இயற்றிய கட்டட உயரச் சட்டத்தை ஆணையத்தால் தொட முடியாது. எனவே என்ன நன்மை கொடுத்தாலும் வாஷிங்டனில் வானளாவிய கட்டடம் வராது.

பதிலுக்குத் தர வேண்டிய பொது நன்மைக்கு விதி ஓர் அளவுகோல் வைக்கிறது. உரிமைப்படி கட்டியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாக, சுற்றுப்பகுதிக்கோ பொதுமக்களுக்கோ பயன்பட வேண்டும். அதோடு அந்த நன்மை கண்ணால் பார்க்கக்கூடியதாக, எண்ணால் அளக்கக்கூடியதாக, கட்டடத்தில் குடியேற அனுமதிச் சான்று வாங்குவதற்குள் முடிக்கவோ ஏற்பாடு செய்யவோ கூடியதாக இருக்க வேண்டும். ‘அக்கம்பக்கத்தோடு இணைந்து செயல்படுவோம்’ என்ற வாக்குறுதி இந்தச் சோதனையில் தேறாது. ‘குடியேற்றச் சான்றுக்கு முன் 4,000 சதுர அடி விளையாட்டு மைதானம்’ என்பது தேறும்.

பிறகு ஆணையம் எடைபோட வேண்டும்: ஒரு பக்கம் நன்மைகள், இன்னொரு பக்கம் கேட்ட தளர்வும் அதனால் வரும் பாதிப்பும். நகரின் விரிவான திட்டத்தோடு, அதாவது நகரம் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் நீண்டகாலத் திட்டத்தோடு, முரண்படவும் கூடாது. அக்கம்பக்க ஆலோசனைக் குழுக்கள், அதாவது ஏ.என்.சி.கள், எழுதித் தரும் கருத்துக்கு ‘அதிக எடை’ தர வேண்டும். அதாவது அவர்கள் சொன்னதை ஏற்க வேண்டியதில்லை; ஆனால் ஏன் ஏற்கவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது கற்பனைக் கணக்கு, விளக்கத்துக்காக மட்டும். மனை 50,000 சதுர அடி. உரிமைப்படி விகிதம் 4, பி.யு.டி.யில் 5.2. எந்தக் கட்டடமானாலும் 10 சதவீதம் குறைந்த வாடகை வீடாக இருக்க வேண்டும் என்று ஊரில் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நிறுவனம் 12 சதவீதம் தருவதாகச் சொல்கிறது.

1. உரிமைப்படி கட்டினால் 2,00,000 சதுர அடி. அதில் சட்டப்படி 20,000 குறைந்த வாடகைக்கு.
2. பி.யு.டி.யில் 2,60,000 சதுர அடி. 12 சதவீதம் என்றால் 31,200.
3. விளம்பரத்தில் வரும் எண் 31,200. ஆனால் அதில் 20,000 எப்படியும் வந்திருக்கும். கூடுதல் 11,200 மட்டுமே.
4. இன்னும் கறாராகப் பார்த்தால், 2,60,000-க்குச் சட்டமே 26,000 கேட்கும். சட்டத்துக்கு மேல் நிறுவனம் மனமுவந்து தருவது 5,200.
5. நிறுவனத்துக்குக் கிடைத்த கூடுதல் பரப்போ 60,000.

மூன்றாவது எண்ணா, நான்காவதா, எது சரி? ஊருக்கு என்ன மாறியது என்று கேட்டால் 11,200. நிறுவனம் என்ன விட்டுக்கொடுத்தது என்று கேட்டால் 5,200. வாஷிங்டன் விதி முதல் வழியை ஏற்கிறது: ஏற்கெனவே உள்ள மண்டலத்தில் உரிமைப்படி கட்டினால் தர வேண்டியிருந்த அளவுக்கு மேல் வருவதைத்தான் நன்மையாக எண்ணும். எதை எடுத்தாலும் 31,200 சரியான விடை அல்ல. பொதுக்கூட்டங்களில் காதில் விழுவது பெரும்பாலும் அந்த எண்தான்.

கூடுதல் பரப்பின் மதிப்பையும் பார்க்க வேண்டும். சதுர அடிக்கு நிலமதிப்பு 100 டாலர் என்று வைத்தால், 60,000 சதுர அடி என்பது 60 லட்சம் டாலர். அதற்குப் பக்கத்தில் நன்மைப் பட்டியலின் மொத்தச் செலவை வையுங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டுமானச் செலவும் வட்டியும் ஏறினால் அந்த மதிப்பு சுருங்கும். எல்லாவற்றையும் ஊரே பிடுங்கிக்கொண்டால் திட்டமே நடக்காது. ஆனால் வித்தியாசம் பத்து மடங்கு என்றால் கேள்வி கேட்க இடமிருக்கிறது.

எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாமா?

முடியாது. அனுமதிக்கு நிபந்தனையாக அரசு நிலமோ பணமோ கேட்கும்போது, அரசியல் சாசனத்தின் சொத்துரிமைப் பாதுகாப்பு குறுக்கே வரும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் நான்கு இதை வரையறுக்கின்றன. கேட்பதற்கும் திட்டத்தால் வரும் பாதிப்புக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்றது 1987-ன் நோலன் வழக்கு. அளவும் ஏறக்குறைய பொருந்த வேண்டும் என்றது 1994-ன் டோலன் வழக்கு. பணமாகக் கேட்டாலும் இதே விதி என்றது 2013-ன் கூன்ட்ஸ் வழக்கு. அதிகாரி கேட்டாலும் சட்டமன்றமே விதித்தாலும் வேறுபாடில்லை என்றது 2024-ன் ஷீட்ஸ் வழக்கு. கலிஃபோர்னியாவில் ஒருவர் தன் நிலத்தில் வீடு வைக்கக் கேட்கப்பட்ட 23,420 டாலர் போக்குவரத்துக் கட்டணத்தைப் பற்றியது அது.

அப்படியானால் பி.யு.டி.யில் வாங்கும் நன்மைகள் எப்படி நிற்கின்றன? நகரங்கள் சொல்லும் வாதம் இது: யாரும் பி.யு.டி. கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. உரிமைப்படி கட்டும் வழி திறந்தே இருக்கிறது. கூடுதல் வேண்டும் என்பவர் விரும்பி வருகிறார். உரிமைப்படி கட்டும் அளவு உண்மையிலேயே பயன்படக்கூடியதாக இருந்தால்தான் இந்த வாதத்துக்கு வலு. சில ஊர்களில் அடிப்படை விதியையே மிகக் குறைவாக வைத்துவிட்டு, எதைக் கட்டினாலும் பேரத்துக்கு வர வைப்பார்கள். அங்கே ‘விருப்பம்’ என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை. அந்தத் தந்திரம் தவறு என்றே சொல்வேன். விதி என்பது ஊர் உண்மையில் ஏற்கும் அளவைச் சொல்ல வேண்டும். பேரத்துக்குத் தொடக்க விலையாக இருக்கக் கூடாது.

அரசோடு செய்யும் உடன்பாடு தவிர, அக்கம்பக்கத்து அமைப்புகள் நிறுவனத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போடுவதும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டேப்பிள்ஸ் சென்டர் அரங்கை ஒட்டிய திட்டத்துக்கு 2001-ல் போட்டது பலரும் சுட்டிக்காட்டும் முன்மாதிரி. அதில் உள்ளூர் ஆட்களுக்கு வேலை, குறைந்த வாடகை வீடு, பூங்கா எல்லாம் இருந்தன. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை மீறினால் வழக்குப் போட வேண்டியது அந்த அமைப்புகளே. மண்டல ஆணையின் நிபந்தனையாக எழுதினால் அதை அமல்படுத்துவது நகரத்தின் பொறுப்பு. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

இதனால் என்னென்ன விளைகிறது

முதல் விளைவு தாமதம். ஒவ்வொரு திட்டத்தையும் தனியாக எடைபோடுவதால், ஒவ்வொன்றும் வழக்குக்கும் உட்படும். வாஷிங்டனில் மக்மில்லன் மணல் வடிகட்டி நிலையம் இருந்த 25 ஏக்கர் நிலத்தை நகரம் 1987-ல் மத்திய அரசிடமிருந்து வாங்கியது. அங்கே வரவிருந்த பி.யு.டி.க்கு ஆணையம் அளித்த ஒப்புதலை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-ல் ரத்து செய்தது. உயரமான மருத்துவ அலுவலகக் கட்டடம் விரிவான திட்டத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்பதை ஆணையம் போதுமான அளவு விளக்கவில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆணையம் மறுபடியும் விசாரிக்க வேண்டியதாயிற்று.

தாமதத்தைப் பார்த்த மற்ற நிறுவனங்கள் என்ன செய்யும்? பி.யு.டி.யே வேண்டாம் என்று உரிமைப்படி சிறியதாகக் கட்டிவிடும். ஊருக்குக் கூடுதல் வீடும் இல்லை, நன்மையும் இல்லை. வழக்குப் போடும் உரிமை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்றால், இன்னும் அந்தப் பகுதிக்குக் குடிவராத, கூட்டத்துக்கு வந்து பேச முடியாத வாடகைக்காரர்கள்தான்.

இரண்டாவது, நன்மை யாருக்குப் போகிறது என்பது. நன்றாக ஒருங்கிணைந்த, வழக்கறிஞர் வைக்கக்கூடிய பகுதி நிறைய வாங்கும். அதே அளவு கூடுதல் மாடியை ஏற்ற இன்னொரு பகுதிக்கு நடைபாதையில் நாலு மரம் கிடைக்கும். அதனால்தான் பல நகரங்கள் முக்கியமான நன்மைகளைப் பேரத்திலிருந்து எடுத்துச் சூத்திரமாக்கி வருகின்றன: கூடுதல் பரப்பு இவ்வளவு என்றால் குறைந்த வாடகை வீடு இவ்வளவு. நெகிழ்வு குறையும், ஆனால் எல்லாப் பகுதிக்கும் ஒரே விகிதம் கிடைக்கும். பேரத்தை வடிவமைப்புக்கும் இடத்துக்கே உரிய தேவைக்கும் மட்டும் வைத்துக்கொள்வது சரியான பாதை என்பது என் கணிப்பு.

உங்கள் பகுதிக்கு அறிவிப்பு வந்தால்

1. உரிமைப்படி எவ்வளவு கட்டலாம் என்ற எண்ணை முதலில் தேடுங்கள். ஒழுங்கான விண்ணப்பத்தில் ‘அனுமதித்தது, கேட்பது’ என்று பக்கத்தில் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும்.
2. நன்மைப் பட்டியலில் சட்டம் ஏற்கெனவே கேட்பதை அடித்துவிடுங்கள். மழைநீர் மேலாண்மை, பசுமைக் கட்டடத் தரம், குறைந்த வாடகை வீட்டு விகிதம் ஆகியவற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கலாம்.
3. மீதியில் கட்டடத்தில் குடியிருப்பவருக்கு மட்டும் பயன்படுவதையும் ஊருக்குப் பயன்படுவதையும் பிரியுங்கள். மொட்டைமாடி நீச்சல்குளம் பொது நன்மை அல்ல.
4. ஒவ்வொன்றுக்கும் அளவு, கெடு, பொறுப்பாளர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘20 வருடம்’ என்பதும் ‘கட்டடம் இருக்கும்வரை’ என்பதும் மிகவும் வேறு.
5. கட்டுமானத்துக்கு நடுவில் நிபந்தனையை மாற்ற முடியுமா, மாற்றினால் மறுபடி விசாரணை உண்டா என்று கேளுங்கள். ‘சிறு மாற்றம்’ என்ற பெயரில் நிறைய நழுவும்.
6. கூட்டத்தில் பேசுவதும் வழக்கில் தரப்பாகச் சேர்வதும் ஒன்றல்ல. வாஷிங்டன் போன்ற ஊர்களில் தரப்பு அந்தஸ்துக்கு விசாரணைக்கு முன்பே மனுக் கொடுக்க வேண்டும். அது கிடைத்தவர்தான் எதிர்த்தரப்பு நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அந்தக் கெடு தேதி பொதுவாக விசாரணை அறிவிப்பிலேயே இருக்கும்.